வளர்ந்துவிட்ட குழந்தையும் வளராத உத்தரவும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து, போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ‘காலை 10 மணிக்குக் குழந்தையைச் சேலத்தில் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும்’ என்னும் நீதிமன்ற உத்தரவு மலைமேல் குடியிருக்கும் ஒரு தாயின் கையில் இருந்தால் அவர் என்ன செய்வது? குழந்தையை இறக்கிக் கொண்டுவர வழியில்லை. கொண்டுவராவிட்டால், உத்தரவை மதிக்கவில்லை என்று அடுத்த வாய்தாவில் பேச்சு எழும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மணமுறிவு ஆனபோது தாய் அஸ்தம்பட்டியில் தன் பெற்றோர் வீட்டில் இருந்தார். மகளுக்கு வயது 3. மகள் தாயிடம் வளர்வது, ஞாயிறுதோறும் காலை 10 முதல் மாலை 5 வரை தந்தையிடம் இருப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டு உத்தரவு பெற்றார்கள். இன்று மகளுக்கு 9 வயது. தாய்க்கு ஏற்காட்டுப் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை கிடைத்து, இருவரும் மலைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டே மகள் இறங்குகிறாள், அதே வழியில் ஏறுகிறாள், திங்களன்று வகுப்பில் தூங்கி விழுகிறாள். வாராவாரம் வேண்டாம் என்பது தாயின் கோரிக்கை. வந்துபோகும் களைப்பிலேயே நாள் கழிந்துவிடுகிறது, மகள் தன்னோடு இரவு தங்கினால்தான் உறவு நிலைக்கும் என்பது தந்தையின் கோரிக்கை. இரண்டு கோரிக்கைகளும் நேர்மாறானவை போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் காரணம் ஒன்றே: உத்தரவு எழுதப்பட்ட நாளில் இருந்த குழந்தை இப்போது இல்லை.

சொத்து வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்துவிட்டால், அதே தரப்பினர் அதே விஷயத்தை மறுபடி கிளப்ப முடியாது. முன்தீர்ப்புத் தடை குறுக்கே நிற்கும். குழந்தையின் பொறுப்பை, அதாவது குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதைப் பற்றிய உத்தரவுக்கு அந்த இறுக்கம் கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-ஆம் ஆண்டு இது தெளிவாகச் சொல்லப்பட்டது. இத்தகைய உத்தரவுகள் யாவும் அவற்றின் இயல்பினாலேயே தற்காலிகமானவை. அன்றைய சூழ்நிலையை வைத்து இடப்பட்டவை. காலம் கடப்பது உட்பட, சூழ்நிலை மாறும்போது குழந்தையின் நலன் கேட்குமானால் நீதிமன்றம் அவற்றை மாற்றலாம். இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற உத்தரவும் இதற்கு விலக்கல்ல. ‘நீயே கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது மாற்றக் கேட்கலாமா?’ என்ற கேள்வி சம்பந்தி வீட்டுப் பேச்சில் எடுபடலாம், நீதிமன்றத்தில் எடுபடாது. பெற்றோர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் குழந்தை கையெழுத்திடவில்லை.

எந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவு பிறந்ததோ, அதைப் பொறுத்து மனுவின் வழி அமைகிறது. இந்து திருமணச் சட்டம், 1955-இன் 26-ஆம் பிரிவு, விவாகரத்து ஆணைக்குப் பிறகும் குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவை பற்றி அவ்வப்போது புதிய உத்தரவுகள் இடவும், இட்டவற்றை ரத்து செய்யவும், நிறுத்திவைக்கவும், மாற்றவும் இடம் தருகிறது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன் கீழ்ப் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு அதன் 38-ஆம் பிரிவு ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. கிறித்தவர்களின் விவாகரத்துச் சட்டம், 1869-இலும் ஆணைக்குப் பிந்தைய மனுவுக்கு இடமுண்டு. எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவாக நிற்பது காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம், 1890.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையைப் பொறுத்தவரை இங்கே ஒரு நுட்பம் உண்டு. வெளியூரிலிருந்து வழக்கு நடத்த வருகிறவர்கள் இதைக் கவனிக்கத் தவறலாம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்லர்) அட்டவணைப் பழங்குடி மக்கள். மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, இந்து திருமணச் சட்டமும் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் அட்டவணைப் பழங்குடியினருக்குப் பொருந்துவதில்லை. ஆகவே, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பிரிந்த ஒரு மலையாளித் தம்பதிக்கிடையே குழந்தையைப் பற்றிய சிக்கல் எழுந்தால், 26-ஆம் பிரிவை நம்பி மனுப் போடுவதைவிட 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே போவதுதான் பொருத்தம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமாயிற்றே என்று அதை அலட்சியமாக நினைக்க வேண்டியதில்லை. ரோசி ஜேக்கப் வழக்கிலும் அந்தச் சட்டம்தான் பேசப்பட்டது.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன் கீழ் நடுவர் (மாஜிஸ்திரேட்) இட்ட தற்காலிகப் பொறுப்பு உத்தரவாக இருந்தால், அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு, சூழ்நிலை மாறியிருப்பதாக நடுவர் திருப்தியடைந்தால் காரணத்தை எழுதி மாற்றலாம் என்கிறது. ‘சூழ்நிலை மாற்றம்’ என்பதைச் சட்டமே எழுத்தில் வைத்திருக்கும் இடம் இது.

மாற்றக் கோரும் மனுவை வேறு இரண்டு வழிகளோடு குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். உத்தரவு இட்ட நாளிலேயே அது தவறு என்று கருதுகிறவர் போக வேண்டியது மேல்முறையீட்டுக்கு. குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984-இன் 19-ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். சேலம் வழக்கென்றால் சென்னைக்குப் போக வேண்டும். ஆனால் சம்மதத்தின்பேரில் பிறந்த உத்தரவுக்கு அந்தப் பிரிவின் கீழ் மேல்முறையீடு கிடையாது. இடைக்கால உத்தரவுக்கும் கிடையாது. நம் கற்பனைக் குடும்பத்தின் உத்தரவு சம்மத உத்தரவு என்பதால், இருவருக்குமே மிச்சமிருப்பது மாற்றக் கோரும் வழி மட்டுமே. இன்னொரு வழி நிறைவேற்றுதல். உத்தரவு சரியாகத்தான் இருக்கிறது, எதிர்த்தரப்பு அதன்படி நடக்கவில்லை என்றால், கேட்க வேண்டியது நிறைவேற்றுதலையே. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, நீதிமன்றம் சொன்னபடி குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தத் தவறுகிறவருக்கு 100 ரூபாய் வரை அபராதமும், பிடிவாதம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வரை கூடுதல் அபராதமும், மொத்தம் 500 ரூபாய்க்கு மேற்படாமல், விதிக்கலாம் என்கிறது. தொகையைப் பார்த்தால் இன்று சிரிப்பு வரும். அதே பிரிவில், குழந்தையைக் கொண்டுவருவதாக ஒப்புக்கொள்ளும் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் அதிகாரம் இருப்பதைப் படித்தால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும்.

இனி, மாற்றம் என்று எதைச் சொல்வது? மனு நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். மாற்றக் கோருகிறவர் பழைய வழக்கை மறுபடி நடத்தப் போவதில்லை. உத்தரவு எழுதப்பட்ட நாளுக்கும் இன்றைக்கும் நடுவே குழந்தையின் வாழ்க்கையில் என்ன மாறியது, அந்த மாற்றத்தால் பழைய ஏற்பாடு குழந்தைக்கு எப்படிப் பொருந்தாமல் போயிற்று என்ற இரண்டை மட்டுமே அவர் காட்ட வேண்டும். திருமணம் முறிந்த கதை அதில் வராது. மாமியார் சொன்னது, நகையை எடுத்துக்கொண்டது, கைபேசியில் கண்டது எல்லாம் விவாகரத்து மனுவோடு முடிந்த கதைகள். வரைவு மனுவைக் கையில் எடுத்து, குழந்தையைப் பற்றி எத்தனை பத்தி இருக்கிறது, எதிர்த்தரப்பைப் பற்றி எத்தனை பத்தி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே மனுவின் பலம் பாதி தெரிந்துவிடும் என்பது என் கருத்து.

வயது ஏறுவது மாற்றமே. 3 வயதுக் குழந்தைக்குத் தாயை விட்டு ஓர் இரவு பிரிந்திருப்பது பெரிய காரியம். 9 வயதுச் சிறுமிக்கு அது அப்பா வீட்டில் கழியும் ஒரு சனிக்கிழமை இரவு. 5 வயதை எட்டாத குழந்தையின் பொறுப்பு சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்வதால், 5 வயது முடிந்த மறுநாளே குழந்தை தந்தையிடம் போய்விட வேண்டும் என்று கருதுகிறவர்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 13-ஆம் பிரிவு குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. 5 வயது முடிவது மறுபடி பரிசீலிக்க ஒரு காரணமாகலாமே தவிர, தானே ஒரு தீர்வாகாது.

இடப்பெயர்ச்சி இன்னொன்று. பெங்களூருக்கோ ஓசூருக்கோ திருப்பூருக்கோ வேலை தேடிப் போகும் பெற்றோர் சேலத்தில் ஏராளம். விக்ரம் வீர் வோரா வழக்கில், சம்மத விவாகரத்துக்குப் பிறகு தாய் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போக, மகனையும் அழைத்துச் செல்ல அனுமதி கேட்டார். சம்மத ஆணையைத் தொடக்கூடாது என்றார் தந்தை. 2010-இல் உச்ச நீதிமன்றம் மகனிடம் பேசிப் பார்த்து, தாயின் கோரிக்கையை ஏற்று, தந்தையின் சந்திப்பு ஏற்பாடு அதற்கேற்ப அமைக்கப்பட்டிருந்ததையும் உறுதிசெய்தது. வேலைக்காக இடம் பெயர்வது குற்றமல்ல என்பதும், அப்படிப் பெயர்கிறவர் மற்றவரின் உறவுக்கு மாற்று வழி செய்து தர வேண்டும் என்பதும் அதிலிருந்து சேர்த்தே படிக்க வேண்டியவை.

மறுமணமும் அடிக்கடி காரணமாகக் காட்டப்படுகிறது. மறுமணம் செய்துகொண்டதாலேயே தாயோ தந்தையோ தகுதியிழப்பதில்லை. புதிய வீட்டில் குழந்தைக்குத் தனியிடம் இருக்கிறதா, புதிதாக வந்தவர் எப்படி நடத்துகிறார், பள்ளி மாறுகிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

எந்த ஏற்பாடும் குழந்தையின் நாள்முறைக்குப் பொருந்தாவிட்டால் நிற்காது என்பதற்கு 2025-இல் வந்த இரண்டு முடிவுகள் சான்று. சிங்கப்பூரில் பணிபுரியும் ஒரு தந்தை, மாதத்தில் 15 நாட்கள் குழந்தைகளை வைத்துக்கொள்ளக் கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்திருந்தது; அதற்காக அவர் திருவனந்தபுரத்தில் வாடகை வீடு எடுத்திருந்தார். 8 வயது மகளிடம் உச்ச நீதிமன்றம் பேசிப் பார்த்தபோது, அந்த நாட்களில் வீட்டுச் சாப்பாடு இல்லை, உடனிருக்கத் தந்தையைத் தவிர வேறு யாரும் இல்லை என்று தெரியவந்தது. தந்தையின் பாசத்தில் குறை காணாமலே நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைக் குறைத்தது. இன்னொரு வழக்கில், தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்ன தன் முந்தைய முடிவையே உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனை செய்தது. முடிவுக்குப் பிறகு 12 வயதுச் சிறுவனின் மனநிலை மோசமானதை மருத்துவர்களின் அறிக்கை காட்டியது. பொறுப்பு தாயிடமே திரும்பியது. நாட்டின் உச்ச நீதிமன்றம் தன் முடிவையே மாற்றிக்கொள்ளும் துறை இது.

குழந்தை என்ன சொல்கிறது என்பதற்கும் இடமுண்டு. அறிவோடு விருப்பம் சொல்லும் வயதை எட்டியிருந்தால் அந்த விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை வயது என்று அது வரையறுக்கவில்லை. நீதிபதி பெரும்பாலும் தம் அறையில், பெற்றோர் இருவரும் இல்லாமல், குழந்தையோடு பேசுவார். முந்தின நாள் இரவு சொல்லிக்கொடுத்து அனுப்பிய பேச்சு அந்த அறையில் சீக்கிரம் வெளுத்துவிடும். ‘எனக்கு ஜீவனாம்சம் சரியாக வருவதில்லை’ என்று ஒரு 9 வயதுச் சிறுமி சொன்னால் அது யாருடைய குரல் என்பதைக் கண்டுபிடிக்க நீதிபதிக்கு வெகுநேரம் ஆகாது. குழந்தையின் அழுகையைக் கைபேசியில் பதிவு செய்து கொண்டுவருகிறவர்களும் உண்டு. அழும் குழந்தையைத் தேற்றாமல் படமெடுத்தவர் யார் என்ற கேள்விக்கும் அவர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

மனுவை, உத்தரவு இட்ட அதே நீதிமன்றத்தில் போடுவதே வழக்கமான முறை. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் புதிதாக மனு என்றால், குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே அதிகாரம் பெற்றது. மனுவோடு பிரமாணப் பத்திரமும் பழைய உத்தரவின் நகலும் இணைக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போகும், அவர் எதிருரை போடுவார், நடுவில் ஆற்றுப்படுத்துநரிடம் (கவுன்சலிங் தருபவரிடம்) அனுப்புவார்கள். சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு நீதிமன்றத்தின்மேல் சுமத்திய கடமை. பலர் இதைச் சடங்காக நினைத்துப் போய் உட்கார்ந்து எழுந்து வருகிறார்கள். சந்திப்பு நேரம் போன்ற சிறு மாற்றங்கள் படியும் இடம் உண்மையில் அந்த அறைதான். வழக்கறிஞருக்குச் செலவழிக்க இயலாத தாய்மார், வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இலவச உதவி பெறலாம். 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

சான்றுகளைப் பொறுத்தவரை, குடும்ப நல நீதிமன்றம் மற்ற நீதிமன்றங்களைவிடத் தாராளமானது. சாட்சியச் சட்டத்தின் கட்டுகளுக்கு வெளியே நிற்கும் ஆவணத்தையும் உதவியாக இருந்தால் ஏற்க 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பள்ளி வருகைப் பதிவு, மதிப்பெண் அட்டை, மருத்துவச் சீட்டு, பணிமாற்ற ஆணை, வாடகை ஒப்பந்தம் ஆகியவை பேசும் அளவுக்கு உறவினரின் வாக்குமூலம் பேசாது. சந்திப்பு நாட்களை ஒரு நோட்டில் தேதிவாரியாக, எப்போது அழைத்துச் சென்றார், எப்போது திரும்ப விட்டார், எந்த நாள் ஏன் தவறியது என்று எழுதிவைப்பது மிக எளிய வேலை; ஆறு மாதம் கழித்து அதன் அருமை தெரியும்.

மனுவின் கடைசிப் பகுதியில் என்ன கேட்பது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘சந்திப்பு உரிமையைத் தகுந்தவாறு மாற்றித் தரவும்’ என்று எழுதினால் நீதிபதி எதை எழுதுவார்? நம் கற்பனைக் குடும்பத்தின் விஷயத்தில் கேட்க வேண்டியவை தெளிவானவை. வாராவாரம் ஞாயிறு என்பதற்குப் பதிலாக, மாதத்தில் இரண்டு வாரங்கள் சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு மாலை வரை, இரவு தங்கலோடு. அப்படிச் செய்தால் மலைப்பயணம் மாதத்தில் பாதியாகக் குறையும், தந்தையோடு கழியும் நேரமோ குறையாது. தாய் கேட்டதும் தந்தை கேட்டதும் ஒரே அட்டவணையில் அடங்கிவிடும். ஒரு முறை தந்தை மேலே வந்து அழைத்துக்கொள்வது, மறுமுறை தாய் அடிவாரம் வரை கொண்டுவந்து விடுவது. மலைப்பாதை மூடப்பட்டாலோ கனமழை எச்சரிக்கை இருந்தாலோ, தவறிய சந்திப்பு அடுத்த வாரத்துக்குத் தானாகவே மாறும், அது உத்தரவை மீறியதாகாது என்ற வரி. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் சரிபாதி. தீபாவளி ஓராண்டு ஒருவரிடம் என்றால் பொங்கல் மற்றவரிடம், அடுத்த ஆண்டு மாற்றி. வாரநாட்களில் குறிப்பிட்ட நேரத்தில் காணொலி அழைப்பு. பிரிந்து வாழும் பெற்றோருக்குத் தொலைபேசித் தொடர்பும் ஓர் உரிமையே என்பதை யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. இவ்வளவும் எழுத அரைப்பக்கம் போதும்.

மலையில் காப்பித் தோட்ட வேலையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு அட்டவணை இன்னும் வேறுபடும். பழம் பறிக்கும் மாதங்களில் ஞாயிறு ஓய்வு என்பது உறுதியில்லை. அந்தப் பருவத்துக்கு ஓர் ஏற்பாடும் மற்ற மாதங்களுக்கு வேறோர் ஏற்பாடும் கேட்பதில் தவறேதுமில்லை.

உத்தரவு மாறும் வரை பழைய உத்தரவே செல்லும். ‘மனுப் போட்டுவிட்டேன், அதனால் இந்த ஞாயிறு அனுப்பவில்லை’ என்பது மனுதாரரே தன் மனுவுக்கு வைக்கும் கொள்ளி. இரு தரப்பும் பேசி வாய்மொழியாக மாற்றிக்கொள்வது நல்லதே. ஆனால் அதை ஒரு கூட்டு மெமோவாக நீதிமன்றத்தில் பதிவு செய்யாவிட்டால், மனஸ்தாபம் வந்த அன்று பழைய காகிதம்தான் உயிர்பெறும். ஜீவனாம்ச நிலுவைக்காகக் குழந்தையைக் காட்டாமல் வைப்பதும், காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் ஒன்றுக்கொன்று ஈடாகாது. பராமரிப்புத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ தனி வழி இருக்கிறது. குற்றவியல் சட்டத்தின் கீழ் பெற்ற தொகையென்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவு அதற்கானது. குழந்தைக்கு உண்மையாகவே ஆபத்து இருக்கும்போது மட்டும் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. அப்போது குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ அழைப்பதும், அவசர இடைக்கால மனுவோடு நீதிமன்றத்தை அன்றே அணுகுவதும்தான் வழி.

மனுவைப் போட ஏற்ற காலமும் ஒன்றிருக்கிறது. கோடை விடுமுறையின் பாதியைத் தன்னிடம் கேட்க நினைக்கும் தந்தை ஏப்ரல் கடைசியில் வழக்கறிஞரைத் தேடினால் காலம் கடந்துவிட்டதென்று பொருள். அறிவிப்பு எதிர்த்தரப்பிடம் சேரவும், எதிருரை வரவும், ஆற்றுப்படுத்துநர் இரண்டு முறை அழைக்கவும் வாரங்கள் ஆகும். மே மாதம் நீதிமன்றங்களுக்கும் கோடை விடுமுறைக் காலம். பிப்ரவரிக்குள் மனு அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குள் போயிருந்தால், ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் ஏறத் தொடங்கும் முன்பே அந்தச் சிறுமி தன் துணிப்பையோடு அடிவாரத்தில் இறங்கியிருப்பாள்.